தோல்ஷாப்புக் கூரையும் பாய்மரப் படகும்

ஆம்பூரிலிருந்து சென்னைக் கடற்கரைக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ஆனாலும் கடலோரத்தில் சோலார் மாட்டுகிறவனுக்கு உள்ள தலைவலி அத்தனையும் எங்களுக்கும் உண்டு. காரணம் உப்பு. ஆட்டுத் தோலோ மாட்டுத் தோலோ, உரித்த கையோடு உப்புப் போடாவிட்டால் அழுக ஆரம்பித்துவிடும். தோலின் எடையில் 40 சதவீதம் வரை உப்புப் போடுவார்கள். அந்த உப்புத் தோல் லாரியில் வந்து எங்கள் பக்கத்துத் தோல்ஷாப்பின், அதாவது தோல் பதனிடும் ஆலையின், கிடங்கில் இறங்கும். ஊறப்போடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றாக உதறுவார்கள். உதறிய உப்புத் தூள் ஷீட் இடுக்கு வழியாக வெளியேறிக் கூரைமேல் படியும். ராத்திரிப் பனியில் நனையும், பகல் வெயிலில் காயும். தினமும் உப்போடு நனைந்து காய்கிற இரும்பு எத்தனை நாள் தாங்கும்?

நான் இருப்பது திருப்பத்தூர். வேலை பெரும்பாலும் வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு. ஒருமுறை வாணியம்பாடியில் ஒரு தோல்ஷாப்பு முதலாளி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். கூரைமேல் வேறு யாரோ மாட்டிக் கொடுத்த பேனல்கள் இருந்தன.

"இன்னா தம்பி, இருபத்தஞ்சு வருஷம் கேரண்டின்னு சொல்லித்தான் மாட்டினாங்க. மூணாவது வருஷமே ஆடுது பாரு" என்றார்.

ஏறிப் பார்த்தேன். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. மீட்டர் வைத்தால் வோல்ட்டேஜ் ஒழுங்காக வருகிறது. பேனலைப் பிடித்திருந்த கிளாம்பின் போல்ட்டைத்தான் விரலால் தட்டினேன். செதில் செதிலாகக் கையோடு வந்தது.

"பாய், கேரண்டி பேனலுக்கு. போல்ட்டுக்கு யாரும் எழுதித் தரல."

அவர் சிரிக்கவில்லை.

உப்பு மட்டும் இதைச் செய்துவிடாது. பேனலின் ஃப்ரேம் அலுமினியம். அடியில் தாங்கும் ஸ்ட்ரக்சர் ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. நல்ல வேலையென்றால் போல்ட் எஸ்.எஸ்., அதாவது துருப்பிடிக்காத எஃகு. மூன்றும் மூன்று ஜாதி உலோகம். அவற்றுக்கு நடுவே உப்புத் தண்ணீர் புகுந்தால் அங்கே ஒரு குட்டி பேட்டரி உருவாகிவிடும். எது இளைத்த உலோகமோ அது கரையும்: முதலில் துத்தநாகப் பூச்சு, பிறகு அதற்கடியில் உள்ள இரும்பு, பக்கத்திலேயே அலுமினியம். கூரைமேல் மின்சாரம் தயாரிக்கப் போய், நமக்கு வேண்டாத மின்சாரம் ஒன்று இடுக்கில் உட்கார்ந்து ஸ்ட்ரக்சரைத் தின்றுகொண்டிருக்கும்.

என்னை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தது மின்வெட்டு. 2012-ல் எங்கள் பக்கம் பகலில் கரண்ட் இருந்தால் அது செய்தி. இன்வெர்ட்டர் கடையில் சேர்ந்து, மாடிப் படிக்கட்டுகளில் டியூபுலர் பேட்டரி தூக்கி முதுகு பழகியது. அதே காலத்தில்தான் அரசின் பசுமை வீடுகள் திட்டம் வந்தது. 2011-ல் அறிவித்தது: 300 சதுர அடி வீடு, சூரிய மின்சாரத்தில் எரியும் ஐந்து விளக்கு. நாட்றம்பள்ளி, ஆலங்காயம் பக்கத்துக் கிராமங்களில் அந்த விளக்குகளுக்கு வயர் இழுக்கிற வேலை கிடைத்தது. சின்ன பேனல், சின்ன பேட்டரி. கை பழகுவதற்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஆலங்காயத்தைத் தாண்டினால் காவலூர் மலை. அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் இருட்டுக்காகக் காத்திருக்கிறது. மலையடிவாரத்தில் எங்களைப் பார்த்தவர்கள் கேட்டதெல்லாம் "இது ராத்திரியிலயும் வேலை செய்யுமா?" என்பதுதான். ஒரே மலையில் ராத்திரிக்கு ஏங்குகிறவர்களும் பகலுக்கு ஏங்குகிற நாங்களும்.

பெரிய கூரைகள் பிறகு வந்தன. ஷூ கம்பெனிக் கூரை சுகமானது. புது ஷீட், சுத்தமான காற்று, பகல் முழுக்க தையல் மெஷின் ஓடுவதால் உற்பத்தியாகிற மின்சாரம் அப்போதே செலவாகிவிடும். தோல்ஷாப்புக் கூரை அப்படி இல்லை. பல இடங்களில் இன்னும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்தான். வெயிலில் வெந்து நொறுங்கிப்போன ஷீட்டில் கால் வைக்கிற இடம் தெரிய வேண்டும். அடியில் பர்லின் என்கிற தாங்கு சட்டம் ஓடுகிற கோட்டில், போல்ட் வரிசையைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். நடுவில் வைத்தால் நேராகக் கீழே, தோல் பதனிடச் சுழலும் டிரம் மேல். என் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது வயரிங் இல்லை, நடை.

அடுத்தது வாடை. முடி நீக்குவதற்குச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு போடுவார்கள். அதிலிருந்து கிளம்பும் அழுகிய முட்டை வாடைதான் ஹைட்ரஜன் சல்ஃபைடு. செம்பைக் கறுக்க வைப்பதில் அதற்கு இணை கிடையாது. வெள்ளி முலாம் பூசிய காண்டாக்ட்டையும் விடாது. சுண்ணாம்பை நீக்குகிற அடுத்த கட்டத்தில் அமோனியம் உப்பு போடுவதால் அமோனியா வரும். நல்ல பேனலின் விவரத்தாளில் இரண்டு சோதனை எண்கள் இருக்கும்: உப்புக் காற்றுக்கு ஐ.ஈ.சி. 61701, அமோனியாவுக்கு ஐ.ஈ.சி. 62716. இரண்டாவது சோதனை மாட்டுக் கொட்டகைக் கூரைகளை மனதில் வைத்து உருவானது. மாடு உயிரோடு இருக்கிற இடத்துக்கு எழுதிய விதி, தோலாகி வந்த இடத்துக்கும் பொருந்துகிறது. ஆனால் பேனலுக்குத்தான் சோதனை. இன்வெர்ட்டரைக் கொண்டுபோய் டிரம் ஓடும் ஹாலில், ஈரச் சுவரில் மாட்டினால் அந்தத் தாள் காப்பாற்றாது. நான் எப்போதும் ஆபீஸ் பக்கச் சுவரைத்தான் கேட்பேன். கேபிள் நீளும், செலவு கூடும், முதலாளி முணுமுணுப்பார். கேட்டே ஆக வேண்டும்.

எர்த்திங்கில் ஒரு வேடிக்கை உண்டு. பாலாற்றங்கரை மண்ணில் பல இடங்களில் உப்பு ஏறிக் கிடக்கிறது. எர்த் ராடு அடித்துச் சோதித்தால் ரெசிஸ்டன்ஸ் அருமையாகக் குறைந்து வரும். சோதிக்க வந்தவர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவார். எந்த உப்பு ரெசிஸ்டன்ஸைக் குறைக்கிறதோ அதே உப்புதான் ராடையும் தின்னும். முதல் நாள் நல்ல மார்க் வாங்கிய எர்த்தைத்தான் வருஷா வருஷம் திரும்பப் பார்க்க வேண்டும்.

சூரியனை வைத்துத் தொழில் செய்வது தோல் ஊருக்குப் புதிதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தோல்ஷாப்புக் கழிவுநீரால் பாலாறு கெட்டுப்போன கதை உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஆகஸ்ட் 28-ல் வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்பு வந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வலுப்பட்டன. தோல் ஊறவைத்த உப்புத் தண்ணீரை மட்டும் தனியாகப் பிரித்து, அகலமான ஆழமில்லாத தொட்டிகளில் விட்டு வெயிலில் காயவைத்தார்கள். தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். பேனல் வருவதற்கு முன்பே இங்கே வெயில் கூலியில்லாமல் வேலை பார்த்தது. பிறகு கழிவுநீரை ஆர்.ஓ. வைத்து வடிகட்டி, மிச்சத்தை எவாப்பரேட்டரில் காய்ச்ச வேண்டியதாயிற்று. பம்பும் ஆர்.ஓ.வும் ஓட ஓட மின் கட்டணம் ஏறியது. கட்டணம் ஏறியபோதுதான் முதலாளிகள் தங்கள் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். எனக்கு இன்று வேலை இருப்பதற்கு அந்தத் தீர்ப்பும் ஒரு காரணம்.

நிழல் அடுத்த எதிரி. ஒரு பேனலுக்குள் செல்களெல்லாம் வரிசையாகக் கோத்திருக்கும். ஒரு செல்மேல் நிழல் விழுந்தால் வரிசையே அடைபடும். அதற்காக பேனலின் முதுகில் மூன்று பைபாஸ் டயோடு வைத்திருப்பார்கள். அடைபட்ட மூன்றில் ஒரு பங்கைச் சுற்றிக்கொண்டு மின்சாரம் போய்விடும். அதாவது ஒரு கை அகல நிழலுக்குப் பேனலில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. வாணியம்பாடியில் பள்ளிவாசல் மினாரின் நிழல் நீளமாகக் கூரைகளைத் தடவிக்கொண்டு போகும். டிசம்பரில் ஒரு கணக்கு, ஜூனில் வேறு கணக்கு. காலை எட்டு மணிக்கு ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை மாடியில் நின்று பார்க்காமல் யார் வரைபடம் போட்டுக் கொடுத்தாலும் நான் நம்புவதில்லை.

கூரையில் நான் கற்றது இவ்வளவும் கடலில் செல்லுமா என்று பார்க்க ஒரு வாய்ப்பு வந்தது. என் மனைவியின் தம்பி கொச்சியில் படகுகளுக்கு எலக்ட்ரிகல் வேலை செய்கிறான். "மாமா, ஒரு பாய்மரப் படகுக்கு சோலார் மாத்தணும். நீங்க வந்தா சீக்கிரம் முடியும். ஷீட் மேல நடக்குற ஆள்தானே, டெக் மேல நடக்கமாட்டீங்களா" என்றான். போல்காட்டி தீவில் மரீனா இருக்கிறது. உலகம் சுற்றும் வெளிநாட்டுப் பாய்மரக்காரர்கள் அரபிக்கடலில் இறங்குவதற்கு முன் அங்கே நின்று சாமான் ஏற்றிக்கொள்வார்கள். ஒரு பிரெஞ்சுத் தம்பதி. படகுதான் வீடு.

படகின் பின்பக்கத் துணிப் பந்தல்மேல் வளையும் பேனல் இரண்டு தைத்திருந்தது. வளையும் பேனல் பார்க்க அழகு, எடை கிடையாது. ஆனால் அடியில் காற்றோட்டம் இல்லாமல் துணியோடு ஒட்டிக் கிடந்தால் கொதிக்கும். பேனலின் வாட் கணக்கு 25 டிகிரியில் போட்டது. செல் அதற்கு மேல் சூடாகிற ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம் குறையும். செல் 65 டிகிரி தொட்டால் 14 சதவீதம் ஆவியாகிவிட்டது என்று அர்த்தம். வேலூர் மே மாதத்தில் இதை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன். போதாததற்குப் படகு ஆடும்போது துணி இழுபட்டு, செல்கள் உள்ளுக்குள் முறிந்திருந்தன. வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டையும் கழற்றிவிட்டு, பின்பக்கத்தில் எஸ்.எஸ். பைப் வளைவு ஒன்று கட்டி, அதன்மேல் 200 வாட் கண்ணாடிப் பேனல் இரண்டு வைப்பதென்று முடிவு.

எந்தச் சாய்வில் வைப்பது என்று கேட்டேன். எங்கள் ஊரில் தெற்கே பார்த்து, பத்துப் பன்னிரண்டு டிகிரி சாய்த்தால் போதும், அட்சரேகையே பன்னிரண்டரைதான். அந்த அம்மா சிரித்தார்கள். நங்கூரம் போட்ட படகு காற்று அடிக்கிற பக்கம் திரும்பும். அதற்குத் தெற்கு என்று ஒன்று கிடையாது. படுக்கையாகத்தான் வைத்தோம்.

மினாருக்குப் பதில் அங்கே பாய்மரம். அதோடு பூம் என்கிற குறுக்குக் கட்டை, பின்பக்கம் இழுத்துக் கட்டிய கம்பி. எல்லாம் நிழல்தான், அதுவும் படகு திரும்பத் திரும்ப இடம் மாறும் நிழல். எங்கள் கூரையில் இருபது பேனலை ஒரே ஸ்ட்ரிங்காகக் கோப்பேன். அங்கே இரண்டே இரண்டைக்கூடக் கோக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சார்ஜ் கன்ட்ரோலர். ஒன்று நிழலில் போனால் மற்றது தன் வேலையைப் பார்க்கும்.

வயரில்தான் எனக்குப் பழக்கம் தலைகீழானது. கூரையில் ஒரு ஸ்ட்ரிங் 700 வோல்ட், 13 ஆம்பியர். ஒன்பது கிலோவாட்டை நான்கு சதுர மில்லிமீட்டர் வயர் சுமந்துகொண்டு போய்விடும். படகில் மொத்தமே 400 வாட். ஆனால் பேட்டரி 12 வோல்ட் என்பதால் 33 ஆம்பியர். கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்குக் கட்டைவிரல் தடிமனில் வயர் இழுத்தோம். வோல்ட்டேஜ் குறைவு, அதனால் ஷாக் பயம் கிடையாது. டெர்மினல் லூஸ் ஆனால் தீப்பிடிக்கும் பயம் உண்டு. கூரையில் இரண்டு பயமும் சேர்ந்தே இருக்கிறது. டி.சி.யில் பொறி கிளம்பினால் ஏ.சி. மாதிரி தானாக அணையாது. வெயில் இருக்கும்வரை பேனலை ஆஃப் செய்யவும் முடியாது.

படகில் போட்ட செம்பு வயரின் ஒவ்வொரு இழையிலும் வெள்ளீயம் பூசியிருந்தது. ஆம்பூர் பிரியாணி தேக்சாவுக்குக் கலாய் பூசுகிற அதே காரணம்தான். கூரையில் நாங்கள் போடும் டி.சி. சோலார் கேபிளும் இப்படிப் பூசியதுதான். ஆனால் எர்த் வயரும் ஏ.சி. கேபிளும் வெறும் செம்பு. தோல்ஷாப்பில் அந்த வெறும் செம்பு இன்சுலேஷனுக்குள்ளேயே ஒரு சாண் தூரத்துக்குக் கறுத்துக் கிடந்ததைப் பல இடங்களில் வெட்டிப் பார்த்திருக்கிறேன். படகுக்காரர்கள் வயர் முனையில் மாட்டும் ஒரு லக்கைக்கூடச் சும்மா விடுவதில்லை. அழுத்தி, அதன்மேல் உள்பக்கம் பசை தடவிய சுருங்குகுழாய் போட்டு, சூடு காட்டி அடைத்துவிடுகிறார்கள்.

டெக்கில் ஓட்டை போட அந்தப் பிரெஞ்சுக்காரர் லேசில் சம்மதிக்கவில்லை. வேண்டிய அளவைவிடப் பெரிதாகத் துளைத்து, எபாக்ஸி ஊற்றி நிரப்பி, அது இறுகிய பிறகு நடுவில் சரியான அளவில் மறுபடி துளைக்கச் சொன்னார். டெக்கின் நடுவில் இருக்கும் மரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் போனாலும் வருஷக்கணக்கில் உள்ளேயே அழுகும் என்பது கணக்கு. ஷீட் கூரையில் நாங்கள் மேட்டில்தான் துளைப்போம், பள்ளத்தில் துளைக்கமாட்டோம். ரப்பர் வாஷர் போடுவோம். அவ்வளவோடு நிறுத்திவிடுகிறோம். இன்னொன்றும் சொன்னார்: திசைகாட்டிப் பக்கம் வயர் போகக்கூடாது, போயே ஆக வேண்டுமென்றால் பிளஸ் மைனஸ் இரண்டையும் முறுக்கிப் போட வேண்டும். இல்லாவிட்டால் வயரில் ஓடும் கரண்ட்டின் காந்தம் முள்ளைத் திருப்பிவிடும். பகலில் ஒரு வடக்கு, ராத்திரியில் ஒரு வடக்கு. கூரை வேலையில் இப்படி ஒரு கவலை இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

திரும்பும்போது மைத்துனன் வைக்கம் கூட்டிக்கொண்டு போனான். பெரியார் போராடிய ஊர் என்று போனால், அங்கே படகுத்துறையில் 'ஆதித்யா' நிற்கிறது. 2017 ஜனவரியிலிருந்து வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே ஓடும் சோலார் படகு. 75 பேர் ஏறலாம், கூரையில் 20 கிலோவாட் பேனல். நாங்கள் வேலை செய்த படகில் பேனல் விளக்குக்கும் ஃப்ரிட்ஜுக்கும் மட்டும், ஓட்டுவது காற்று. ஆதித்யாவில் ஓட்டமே பேனலில். சுவிஸ்காரர்கள் இதைவிடப் பெரிய காரியம் செய்திருக்கிறார்கள். 'பிளானட் சோலார்' என்ற கப்பல் 537 சதுர மீட்டர் பேனலோடு 2010-ல் மொனாக்கோவில் கிளம்பி, 2012 மே மாதம் உலகத்தைச் சுற்றி அங்கேயே வந்து சேர்ந்தது. எனக்கென்னவோ பயணிகளை ஏற்றி இறக்கும் வைக்கம் படகுதான் பெரிதாகத் தெரிகிறது. உலகம் சுற்றுவது ஒருமுறை. அது தினமும் ஓட வேண்டும்.

கொச்சியிலிருந்து நான் கொண்டுவந்தது ஒரு மஞ்சள் பசை டியூப். அலுமினியப் பாய்மரத்தில் எஸ்.எஸ். ஸ்க்ரூ முடுக்கும்போது அந்தப் பசையைத் தடவித்தான் முடுக்குகிறார்கள். உலோகமும் உலோகமும் நேராகத் தொடாது, பத்து வருஷம் கழித்தும் கழற்ற வரும். இப்போது தோல்ஷாப்பு வேலை என்றால் போல்ட்டுக்குப் பசை, அலுமினியத்துக்கும் ஜி.ஐ.க்கும் நடுவே ரப்பர் பட்டை, உப்புக் கிடங்குக்கு மேலே வருகிற வரிசையில் 304-க்குப் பதில் 316 எஸ்.எஸ். அதில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்புக்கு அவ்வளவு சீக்கிரம் குழி விழாது. விலை கூடத்தான். மொத்த வேலையில் போல்ட்டுக்கான செலவு ஒரு பேனல் விலைகூட வராது என்று கணக்குப் போட்டுக் காட்டினால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்புக்கொள்ளாதவர்களிடம் உப்புக் கிடங்கின் மேல் மாட்ட மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். அந்த வேலை வேறொருவருக்குப் போகும். போகட்டும்.

வீட்டு வேலைகளும் இப்போது நிறைய வருகின்றன. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் மின் அட்டையைக் கேட்பேன். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். இருநூறு யூனிட்டோடு முடிகிற வீட்டுக்கு சோலார் அவசரமில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஏ.சி. ஓடி ஐந்நூறைத் தாண்டுகிற வீடு என்றால் தயங்க வேண்டாம். ஒரு கிலோவாட் நாளுக்கு ஏறக்குறைய நான்கு யூனிட் தரும். நிழலில்லாத நூறு சதுர அடி மாடி வேண்டும். ஈ.பி. கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும் என்பதை அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேன் மேல் நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். பேட்டரி வைக்காவிட்டால் படகுக்காரனுக்கு இருக்கும் சுதந்திரம் நமக்கு இல்லை.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. போர்வெல் தண்ணீரில் பேனலைக் கழுவாதீர்கள். காய்ந்ததும் வெள்ளைப் படலம் பிடித்து, தூசியைவிட மோசமாக வெளிச்சத்தை மறைக்கும். ஆர்.ஓ. தண்ணீரோ மழைத் தண்ணீரோ கொஞ்சம் போதும், வெயில் ஏறுவதற்கு முன் துடைத்துவிடுங்கள். விலைப்பட்டியல் கொண்டுவருகிறவரிடம் வாட்டுக்கு எவ்வளவு என்று கேட்பதோடு, ஸ்ட்ரக்சருக்கு எத்தனை மைக்ரான் பூச்சு, போல்ட் எந்த கிரேடு, எர்த் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பார் என்பதையும் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கிறவருக்கு வேலை கொடுக்காதீர்கள்.